எச்சரிக்கை யாருடைய காதில் விழுகிறது?



காலநிலை மாற்றத்திற்கு ஏற்ப நம்மைத் தகவமைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்று எங்கும் பேசப்படுகிறது. புயல் பாதுகாப்பு மையம், கடற்கரைத் தடுப்பு, உப்பைத் தாங்கும் நெல் என்று திட்டங்களும் வருகின்றன. இவை எல்லாருக்கும் பொதுவானவைதானே, இதில் ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது எனச் சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கான பதிலைப் பங்களாதேஷ் மக்கள் பேரிழப்பின் வழியாகக் கற்றுக்கொண்டார்கள்.

1991 ஏப்ரல் 29 இரவில் சிட்டகாங் கடற்கரையைப் பெரும் புயல் தாக்கியது. கடல் ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திற்குப் பொங்கியது. இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். பின்னர் நடந்த ஆய்வு ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. 20 முதல் 44 வயதுக்குட்பட்ட ஆண்களில் 1000 பேருக்கு 15 பேர் இறந்திருந்தனர். அதே வயதுப் பெண்களில் 1000 பேருக்கு 71 பேர். இவர்கள் முதியவர்களோ நோயாளிகளோ அல்லர். உடல் வலுவோடு இருந்தவர்கள்.

ஏன் இப்படி? எச்சரிக்கை சந்தையிலும் தெருவிலும் நின்ற ஆண்களுக்கு ஆண்களால் சொல்லப்பட்டது. வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு அது சரியாகப் போய்ச் சேரவில்லை. கேள்விப்பட்டவர்களும் கணவர் வரட்டும் என்று காத்திருந்தனர். கையில் குழந்தை, படுக்கையில் மாமியார், கொட்டிலில் மாடு. நீந்தக் கற்றுக்கொடுக்கப்படாதவர்கள் பலர். உடுத்திய சேலையும் தண்ணீரில் காலைக் கட்டியது. அந்நிய ஆண்கள் நிறைந்த பாதுகாப்பு மையத்தில், தனி இடமும் கழிப்பறையும் இல்லாமல், எப்படி இரவைக் கழிப்பது என்ற தயக்கமும் இருந்தது.

ஆக, அவர்களைக் கொன்றது புயல் மட்டுமல்ல. அவர்களை நினைத்துப் பார்க்காத திட்டமும்தான்.

அந்நாடு பாடம் கற்றது. 1972-இல் அங்கே தொடங்கப்பட்ட புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில், இன்று 76,000-க்கும் அதிகமான தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள். அவர்கள் வீட்டுக்குள் சென்று பெண்களிடம் நேரில் பேச முடிகிறது. புதிய பாதுகாப்பு மையங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கால்நடைகளுக்கு இடமும் உண்டு. 2020 மே மாதம் ஆம்பன் புயல் வந்தபோது 20 இலட்சத்திற்கும் அதிகமானோர் முன்கூட்டியே இடம் பெயர்ந்தனர். இறப்பு சில பத்துகளோடு நின்றது. இதற்கு நல்ல வானிலை அறிவிப்பும் கூடுதல் கட்டடங்களும் காரணம். ஆனால் எச்சரிக்கையைக் கேட்டுப் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்றால், அந்தக் கட்டடங்களால் என்ன பயன்?

புயல் இல்லாத நாளிலும் சுமை சமமாக இல்லை. குல்னா, சத்கீரா பகுதிகளில் கடல்நீர் புகுந்து கிணறும் குளமும் உவர்ந்துவிட்டன. குடிநீர் தேடி நெடுந்தூரம் நடப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. உவர்நீரைக் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் கூடுகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே மழைநீர்த் தொட்டியை எங்கே கட்டுவது என்று முடிவெடுக்கும்போது, குடம் சுமப்பவரைக் கேட்க வேண்டாமா?

இது வேறு நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. 2004 சுனாமி காலநிலையால் வந்ததல்ல. ஆயினும் கடலூர் மாவட்டத்தில் அன்று இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் 2005-இல் குறிப்பிட்டது. ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தனர். பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தனர்.

2015-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம், தகவமைப்புப் பணி பெண்களின் நிலையைக் கருத்தில் கொண்டு நடைபெற வேண்டும் என்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அதே ஆண்டில் தமது 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்துக் கேட்க நம்மை அழைத்தார். அந்த ஏழைகளுள் குடத்தோடு நடக்கும் பெண்ணும் இருக்கிறாள்.

அடுத்த மழைக்காலத்திற்கு முன் நம் பங்கில் சிலவற்றைக் கேட்டுப் பார்ப்போம். நம் நிவாரணக் குழுவில் பெண்கள் எத்தனை பேர்? கஞ்சி காய்ச்ச மட்டும் அழைக்கிறோமா, முடிவெடுக்கவும் அழைக்கிறோமா? தனியே வாழும் கைம்பெண்ணின் கதவை யார் தட்டுவது? மக்கள் தங்கும் பங்கு மண்டபத்தில் பெண்களின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் விளக்கும் உண்டா?

சிறிய கேள்விகள்தாம். ஆனால் தண்ணீர் ஏறிவரும் இரவில் இவைதாம் உயிரைக் காக்கும். வரும் அன்பியக் கூட்டத்திலேயே பேசத் தொடங்குவோம்.