பியானோவின் மூத்த சகோதரி

நம் பள்ளி மண்டபத்துப் பியானோவின் இசையை நாம் எல்லோரும் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அதற்கு ஒரு மூத்த சகோதரி உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதுவே ஹார்ப்சிகார்டு. பியானோ தோன்றுவதற்கு முன் சுமார் 300 ஆண்டுகள் ஐரோப்பாவின் அரண்மனைகளிலும் இல்லங்களிலும் ஒலித்த கருவி இது.

தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வேற்றுமை உள்ளே இருக்கிறது. பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் தந்தியை அடிக்கிறது. ஹார்ப்சிகார்டிலோ, கட்டையின் மறுமுனையில் நிற்கும் மெல்லிய மரத்துண்டு மேலே எழுகிறது. அதில் செருகப்பட்ட பறவை இறகின் காம்பு தந்தியைச் சுண்டுகிறது. விரலை எடுத்ததும் மரத்துண்டு கீழிறங்க, அதிலுள்ள கம்பளித் துணி தந்தியைத் தொட்டு ஒலியை அடக்குகிறது. வீணைத் தந்தியை விரல் மீட்டுவதை இங்கே இறகு செய்கிறது எனலாம்.

ஆகவே, மெல்ல அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் ஓசை ஏறக்குறைய ஒரே அளவாகவே எழும். ஆயினும் மேதைகள் இதனால் சோர்ந்துவிடவில்லை. இரண்டு வரிசைக் கட்டைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்கென்றே பாக் இயற்றிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' 1741-இல் வெளிவந்தது.

இதற்கிடையே 1700-ஆம் ஆண்டளவில் ஃபிளாரன்ஸ் நகரில் பர்த்தொலோமியோ கிறிஸ்தோபோரி என்பவர் சுத்தியல் பொருத்திய கருவியைச் செய்தார். மெல்லவும் உரக்கவும் ஒலிக்கவல்ல அக்கருவியே பியானோ. நாளடைவில் அது எங்கும் பரவ, மூத்தவள் மூலையில் ஒதுக்கப்பட்டாள்.

அவளை மீண்டும் மேடையேற்றியவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. 1879-இல் வார்ஸாவில் பிறந்த வாண்டா லண்டோவ்ஸ்கா, பியானோக் கலைஞராக இருந்தும் ஹார்ப்சிகார்டையே தம் வாழ்வின் பணியாக ஏற்றார். 1925-இல் பாரிஸுக்கு அருகே இசைப் பள்ளி நிறுவினார். 1940-இல் ஜெர்மானியப் படை நெருங்கவே அதைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவருடைய அரிய கருவிகளும் நூல்களும் கொள்ளையிடப்பட்டன. ஆனால் கற்ற கலையை யார் கொள்ளையிட முடியும்? 1942-இல், 62 வயதில், நியூயார்க் மேடையில் பாக்கின் அதே படைப்பை வாசித்தார். 1959-இல் மறையும்வரை அவர் இசைப்பணி தொடர்ந்தது.

உரக்க ஒலிக்க இயலாதது பயனற்றது அன்று. பொறுமையோடு செவிசாய்ப்போருக்கு அதுவும் தன் இனிமையைத் தரும். இதை நாம் நினைவில் வைப்போமாக!