உறையினுள் மறையும் நோய்

குதிரையின் கண்ணிலோ குளம்பிலோ நோய் கண்டால் லாயக்காரன் அன்றே அறிந்துகொள்வான். ஆண்குறியில் தோன்றும் புற்றுநோய் அவ்வாறு அறியப்படுவதில்லை. அவ்வுறுப்பு பெரும்பாலும் தோலுறையினுள் மறைந்து கிடக்கின்றது. அதனைப் பார்க்கவும் அதைப்பற்றிப் பேசவும் மனிதருக்குள்ள கூச்சமும் நோய்க்குத் துணையாகிவிடுகின்றது.

ஆண்குதிரைகளின் குறியிலும் உறையிலும் உண்டாகும் கட்டிகளுள் மிகுதியானது செதிட்கலப் புற்றுநோய். தோலின் மேற்படையிலுள்ள தட்டையான கலங்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே இது. வயது முதிர்ந்த குதிரைகளையும், குறியின் தோல் நிறமற்று வெளிறியிருக்கும் குதிரைகளையும் இது மிகுதியாகப் பற்றும். விதையடித்துவிட்டால் அச்சமில்லையென எண்ணுவது தவறு. விதைகளில் எழும் கட்டிகளையே அது தடுக்கும், குறியோ எஞ்சியிருக்கின்றது. விதையடிக்கப்பெற்ற கிழக்குதிரைகள் பல இந்நோய்க்கு ஆளாகின்றன.

உறையினுள் சேரும் அழுக்கே காரணமென நெடுங்காலம் கருதப்பட்டது. 1947ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், குதிரையின் அவ்வழுக்கைச் சுண்டெலிகளின் தோலினுட் செலுத்தியபோது சிலவற்றிற் புற்று உண்டாயிற்று. ஆனால் காரணம் அவ்வளவில் முடியவில்லை. 2010ஆம் ஆண்டையொட்டி, குதிரைகளுக்கே உரிய பப்பிலோமா வைரசின் இரண்டாம் வகை இக்கட்டிகளிற் கண்டறியப்பட்டது. பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமானதும் இக்குடும்பத்து வைரசே. அதனைக் கண்டறிந்தமைக்காக ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசன் 2008இல் நோபெல் பரிசு பெற்றார். எனினும் இரண்டும் வெவ்வேறு வைரசுகள். வைரசு தங்கிய குதிரைகள் யாவும் புற்றுநோய் கொள்வதுமில்லை.

முதலிற் சிறு தடிப்போ மருவோ தோன்றும். நாளடைவில் அது புண்ணாகிப் பூக்கோவாப்போல் விரியும். உறையிலிருந்து துர்நாற்றமும் குருதி கலந்த நீரும் வடியும், உறை வீங்கும், சிறுநீர் சிதறும். உரிமையாளர் இதனை அழுக்கென்றெண்ணிப் பலமுறை கழுவிக் காலத்தைக் கழித்துவிடுவதுண்டு. அதற்குள் நோய் தொடையிடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்களை எட்டிவிடலாம்.

மிருக வைத்தியர் குதிரையை மயக்கமருந்தால் அமைதிப்படுத்தி, குறியை வெளிக்கொணர்ந்து சோதிப்பார். பொலிக்குதிரையாயின் மருந்தைத் தேர்வதிலும் எச்சரிக்கை வேண்டும். சில மருந்துகளால், அரிதாகவேனும், வெளிவந்த குறி மீண்டும் உட்செல்லாது போய்விடும். சிறு துண்டொன்றை வெட்டி நுணுக்குக்காட்டியிற் பார்த்தே நோயை உறுதிசெய்வர். சிறு கட்டியாயின் வெட்டியகற்றியோ உறையவைத்தோ மருந்து பூசியோ நீக்கலாம். முற்றியதாயின் குறியின் ஒரு பகுதியையே சத்திர சிகிச்சையால் அகற்றி, எஞ்சிய பகுதியிற் சிறுநீர் செல்லப் புதுவழி அமைப்பர். அதன் பின்னர் விதையடித்த குதிரை மீண்டும் சவாரிக்கு உதவும். பொலிக்குதிரையின் இனவிருத்திப் பணியோ பெரும்பாலும் அத்துடன் முடிவுறும்.