காட்டு முயல் வேண்டாம், பலாக்கொட்டை கொண்டுவாங்க: புதுக்கோட்டையில் ஒரு மலைச் சாப்பாடு

இந்த எபிசோடு சாப்பாட்டைப் பத்தி. நடுவுல கொஞ்சம் சட்டமும் வரும், பயப்படாதீங்க.

வீக்கெண்ட்ல வண்டி எடுத்துக்கிட்டு கிளம்புற நிறைய பேருக்கு ஒரு ஆசை இருக்கும். மலையடிவாரத்துல ஒரு சின்ன மெஸ். காட்டு முயல் வறுவல், கௌதாரிக் குழம்பு, கூடவே அந்த மண்ணோட பழம். புதுக்கோட்டை மாவட்டத்துல இது கிடைக்குமா?

முதல்ல மலை. நார்த்தாமலை, குடுமியான்மலை, விராலிமலைன்னு பேருல எல்லாம் மலைதான். நேர்ல போய்ப் பார்த்தா பாறைக் குன்றுகள். சுத்தி முள்ளுக்காடு, கண்மாய், மானாவாரி நிலம். முயலும் கௌதாரியும் வாழுறது இந்த மாதிரி இடத்துலதான்.

அடுத்து கறி. 1972-ல் வந்த வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல், கௌதாரி, உடும்பு, மயில் எதையும் வேட்டையாடக் கூடாது. பிடிக்கிறவர் மட்டும் இல்ல, விக்கிறவரும் வாங்குறவரும் மாட்டுவாங்க. ஜெயில் வரைக்கும் போகலாம். விராலிமலை முருகன் கோயில் குன்றுல இன்னிக்கும் மயில் நடமாடுது. அந்தப் பறவைக்கு இருக்குற அதே சட்டம்தான், யாரும் போட்டோ எடுக்காத கௌதாரிக்கும்.

அப்போ ஹோட்டல் போர்டுல இருக்குற காடை? அது பண்ணைக் காடை. ஜப்பானியக் காடைன்னு பேர். இந்தியாவுக்கு 1970-களில் வந்தது. அஞ்சு, ஆறு வாரத்துல கறிக்குத் தயார். 2011-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் புதுக் காடைப் பண்ணைக்கு உரிமம் கொடுக்க வேண்டாம்னு சொல்லி, அப்புறம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திடுச்சு. பண்ணை முயலும் அப்படித்தான். அது காட்டு முயல் இனமே கிடையாது. கொடைக்கானல் மலையில மன்னவனூர்ல மத்திய அரசோட ஆராய்ச்சி மையமே கறி முயல் வளர்க்குது. ஆக, பண்ணையில வளர்ந்ததைத் தைரியமா சாப்பிடலாம். "காட்டு ஐட்டம் இருக்கு தம்பி"ன்னு யாராவது காதுல சொன்னா, எழுந்து வந்துடுங்க. நாம கேக்குறதாலதான் ராத்திரி யாரோ ஒருத்தர் வலையோட போறார்.

"இது நம்ம பாரம்பரியம் ஆச்சே"ன்னு ஒரு வாதம் வரும். குறிஞ்சி நில மக்கள் வேட்டையாடினாங்க, உண்மைதான். ஆனா பொன்னமராவதிக்குப் பக்கத்துல, சிவகங்கை மாவட்டத்துல இருக்குற பிரான்மலையைத்தான் பாரியோட பறம்புமலைன்னு சொல்றாங்க. மூவேந்தர் முற்றுகை போட்டப்போ, இந்த மலையைப் பட்டினி போட முடியாதுன்னு கபிலர் புறநானூற்றுல சொல்றார். உழாமலே கிடைக்கிற நாலு பொருளைக் கணக்குக் காட்டுறார்: மூங்கில் அரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். அந்த நாலுல கறி இல்ல. பலா இருக்கு.

அந்தப் பலாதான் புதுக்கோட்டையோட நிஜமான பெருமை. ஆலங்குடி பக்கம் வடகாடு, கீரமங்கலம்னு போனா, சீசன்ல ரோட்டோரம் பழம் குவிஞ்சு கிடக்கும். நகரத்துல நாம சுளையோட நிறுத்திடுறோம். பிஞ்சா இருக்கும்போது அது பலாமூசு. மசாலா போட்டுப் பிரட்டினா மட்டன் மாதிரி நார் நாரா வரும். கொட்டையைக் கருவாட்டுக் குழம்புல போடலாம், மாங்காயோட சேர்க்கலாம், சும்மா சுட்டும் தின்னலாம்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தப்போ, இந்தப் பக்கம் தென்னையோட சேர்ந்து வயசான பலா மரங்களும் வேரோட சாஞ்சுது. விதையில இருந்து வர்ற பலா காய்க்கவே அஞ்சு முதல் எட்டு வருஷம் ஆகும். புயலுக்கு அப்புறம் நட்ட கன்னுங்க இப்பத்தான் காய்ப்புக்கு வருது. நல்ல விலை கிடைச்சாதான் அந்த விவசாயி மரத்தை வெச்சிருப்பார்.

அதனால அடுத்த தடவை அந்தப் பக்கம் போறப்போ, சித்திரையில இருந்து ஆடிக்குள்ள போங்க. மெஸ்ல உக்காந்ததும், "அண்ணே, பலாக்காய்ல, கொட்டையில என்ன இருக்கு?"ன்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னாலும் பரவாயில்ல. நாலு பேர் கேட்டா, அஞ்சாவது ஆளுக்குச் சமைச்சு வெச்சிருப்பாங்க. கறி வேணும்னா பண்ணைக் காடையோ நாட்டுக்கோழியோ சொல்லுங்க. திரும்பும்போது ரோட்டோரத்துல ஒரு முழுப் பழமா வாங்கிடுங்க. வெட்டுறதுக்கு முன்னாடி கையில எண்ணெய் தடவிக்கோங்க, பால் ஒட்டாது.