நாற்சக்கர விசை வண்டிகளும் நிலைவேகக் கருவியும்

நிலமுடைய குடியானவர்களின் வீடுகளிலும், சர்க்கார் காரியாலயங்களிலும் ஜீப்பு முதலிய நாற்சக்கர விசை வண்டிகள் இக்காலத்தில் பெருகி வருகின்றன. விதை, உரம், பம்புசெட்டு உறுப்புகள் முதலியவற்றை ஏற்றிக்கொண்டு சேறும் பள்ளமும் நிறைந்த வண்டிப்பாதையிலும் செல்ல வல்லவையாதலின், இவை விவசாயத் தொழிலுக்கு மிகவும் அநுகூலமானவை என்பதில் ஐயமில்லை. இவ்வண்டிகள் பலவற்றில் ‘க்ரூஸ் கன்ட்ரோல்’ என்று வழங்கும் நிலைவேகக் கருவியும் இப்போது அமைந்து வருகிறது. வேண்டிய வேகத்தை அடைந்ததும் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு ஓட்டுபவர் மிதியினின்றும் காலை எடுத்துவிடலாம். வண்டி அவ்வேகத்திலேயே தானாகச் சென்றுகொண்டிருக்கும்.

நான்கு சக்கரங்களும் தரையைப் பற்றி இழுக்கும் வண்டியில் இக்கருவியும் இருக்குமாயின், அடைமழைக் காலத்திலும் கவலையின்றிப் பிரயாணம் செய்யலாம் என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது; உயிருக்கும் பொருளுக்கும் சேதம் விளைக்கக் கூடியது. நாற்சக்கர விசை உதவும் இடம் வேறு. நிலைவேகக் கருவி உதவும் இடம் வேறு. இரண்டும் ஒரே வண்டியில் இருப்பினும், இரண்டையும் ஒரே சமயத்தில் உபயோகிக்கத்தக்க தருணங்கள் மிகச் சிலவே. இதன் காரணம் கீழே விளக்கப்படுகிறது.

கருவியின் பூர்வோத்தரம்

வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தும் கருவி குடியானவர்களுக்குப் புதியதன்று. ஆயில் எஞ்சினில் ‘கவர்னர்’ என்னும் உறுப்பு உண்டு. பாரம் மிகுந்து எஞ்சின் தளரும்போது அது எண்ணெயை அதிகமாக விடுகிறது. பாரம் குறைந்து எஞ்சின் விரையும்போது எண்ணெயைக் குறைக்கிறது. ஜேம்ஸ் வாட் என்பவர் 1788-இல் தம்முடைய நீராவி யந்திரங்களில் அமைத்த சுழல்குண்டுக் கருவியும் இதே தத்துவத்தைக் கொண்டதுதான். டிராக்டரில் கைநெம்பை ஓரிடத்தில் நிறுத்தினால் எஞ்சினின் சுழற்சி ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதும் கவர்னரின் வேலையே.

மோட்டார் கார்களுக்கு ஏற்றவாறு இதனை அமைத்தவர் அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தைச் சேர்ந்த ரால்ப் டீட்டர் என்னும் எஞ்சினீயர். இவர் ஐந்தாம் வயதில் ஒரு விபத்தினால் இரு கண்களிலும் பார்வை இழந்தவர். உடன் செல்பவர் வண்டியைச் சீராக ஓட்டாமல் விரைவதும் தளர்வதுமாக ஓட்டியதே இவருக்கு இக்கருவியின் எண்ணத்தை உண்டாக்கியது என்பர். 1950-இல் இவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958-ஆம் வருஷத்து மாதிரிக் கார்களில் கிரைஸ்லர் கம்பெனியார் இதனை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ஆகவே, இக்கருவி பிறந்தது அமெரிக்காவின் நீண்ட, அகன்ற, உலர்ந்த நெடுஞ்சாலைகளுக்காகவே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நாற்சக்கர விசை வண்டியின் வரலாறு வேறு. 1941 முதல் யுத்த களத்தில் சேற்றிலும் மணலிலும் உழைத்த ஜீப்பு, 1945-இல் விவசாயிகளுக்கென மாற்றி அமைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1948-இல் இங்கிலாந்திலிருந்து லாண்ட் ரோவர் வந்தது. விவசாய ஜீப்பில் விரும்பியவர்கள் கவர்னர் ஒன்றையும் பொருத்திக்கொள்ள இயன்றது. ஆனால் அக்கவர்னர் வார்ப்பட்டையின் மூலம் இதர யந்திரங்களை ஓட்டும்போதும், மெதுவாக வயல்வேலை செய்யும்போதும் எஞ்சினின் சுழற்சியை ஒழுங்காக வைப்பதற்கே ஏற்பட்டது. சாலையில் விரைந்து செல்வதற்கு அன்று.

கருவி வேலை செய்யும் விதம்

டிராக்டரின் கவர்னர் எஞ்சினின் சுழற்சியைக் கவனிக்கிறது. நிலைவேகக் கருவியோ சக்கரங்களின், அல்லது அவற்றை இயக்கும் தண்டின் சுழற்சியைக் கவனிக்கிறது. குறித்த வேகத்துக்குச் சுழற்சி குறைந்தால் எஞ்சினுக்கு விசையைக் கூட்டுகிறது, மிகுந்தால் குறைக்கிறது. பிரேக்கை மிதித்தாலும், கியரைக் கையால் மாற்றும் வண்டிகளில் கிளச்சை மிதித்தாலும், அது தானாக விலகிக்கொள்ளும்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது யாதெனில், அடிப்படையில் இக்கருவி அறிவது சக்கரம் எவ்வளவு சுழல்கிறது என்பதை மட்டுமே. அச்சக்கரத்தின் கீழே இருப்பது உலர்ந்த தாரா, ஈரக் களிமண்ணா, தேங்கிய நீரா என்பதை அது முன்கூட்டி அறியாது. ஓட்டுபவரோ எதிரே மின்னும் நீரைக் கண்ணாற் கண்டு, அங்கே செல்வதற்கு முன்பே காலைத் தளர்த்துகிறார். கருவிக்கு அந்த முன்யோசனை இல்லை.

நாற்சக்கர விசையின் தன்மை

நாற்சக்கர விசை வண்டிகள் பெரும்பாலும் இரு வகைப்படும். முதல் வகையில் சாதாரணமாகப் பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லும். தேவையானபோது நெம்பினாலோ பொத்தானாலோ முன்சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாம் வகையில் எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள நடு டிபரன்ஷியல் என்னும் உறுப்பு, அவ்விரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும்.

முதல் வகை வண்டிகளில் பொதுவாக நடு டிபரன்ஷியல் இராது. முன்சக்கரங்களைச் சேர்த்தவுடன் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் செல்வதால், முன்சக்கரங்கள் அதிக தூரம் உருள வேண்டும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சிறிது வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. அதனால் தண்டுகளில் முறுக்கம் ஏறி, டயர் விரைவில் தேயும். விசை நெம்பு இறுகிக்கொள்ளும். பல்சக்கரங்கள் உடையவும் கூடும்.

எனவே, முதல் வகை வண்டியில் நான்கு சக்கரங்களையும் சேர்க்கத்தக்க இடம் வழுக்கும் தரையே. நிலைவேகக் கருவியை உபயோகிக்கத்தக்க இடமோ வழுக்காத தரையே. ஒன்றுக்கு உரிய இடம் மற்றொன்றுக்கு ஆகாத இடமாகும். எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் இரண்டாம் வகை வண்டியில் உலர்ந்த சாலையில் இக்கருவியை உபயோகிப்பதால் கெடுதலில்லை. ஆயினும் ஈரச் சாலையைப் பற்றிக் கீழே கூறப்படுபவை அதற்கும் பொருந்தும்.

வழுக்கும் சாலையில் நேர்வது

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சாலையின் தாழ்ந்த பகுதிகளில் நீர் தேங்குவது வழக்கம். நடவுக் காலத்தில் சேற்றுழவு முடித்துத் திரும்பும் டிராக்டர்கள் உதிர்த்த களிமண்ணும் தார்ச்சாலையில் ஆங்காங்கே படிந்திருக்கும். வேகமாகச் செல்லும் வண்டி தேங்கிய நீரில் புகும்போது, டயருக்கும் சாலைக்கும் இடையே நீர் புகுந்து டயரைத் தூக்கிவிடக் கூடும். அப்போது சக்கரத்தின் பிடிப்பு அற்றுப்போகிறது. நீர் தடுப்பதால் சக்கரம் தளர்ந்தால் கருவி விசையைக் கூட்ட முற்படும். பிடிப்பற்ற சக்கரம் வீணே விரைந்து சுழன்றால் விசையைக் குறைக்கும். எவ்வாறாயினும், பிடிப்பு மீளும் கணத்தில் சக்கரத்தின் வேகமும் வண்டியின் வேகமும் ஒவ்வாமல் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிவிடலாம். புதிய வண்டிகள் பலவற்றில் சக்கரம் வழுக்குவதை உணர்ந்து கருவியை விலக்கும் ஏற்பாடு உண்டு. ஆயினும் அது வழுக்கல் தொடங்கிய பின்னரே வேலை செய்யும்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் சுமார் 22 மீட்டர் கடக்கிறது. கால் மிதியினின்றும் விலகித் தரையில் ஓய்ந்திருக்குமாயின், ஆபத்தைக் கண்டு அதனை மீண்டும் பிரேக்குக்குக் கொண்டுவர அரை விநாடி அதிகமானாலும் 11 மீட்டர் வீணாகிறது. மேலும், அவசரத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்துத்தான் பலர் கருவியை விலக்குகின்றனர். வழுக்கும் சாலையில் அதுவே செய்யத்தகாத காரியம்.

நான்கு சக்கர விசை ஈரச் சாலையில் புறப்படுவதற்கு உதவும்; நிற்பதற்கு உதவாது. பிரேக்கு எல்லா மோட்டார் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. டயரின் பிடிப்பும் ஒன்றே. சிரமமின்றிப் புறப்பட்டு வேகமெடுக்க முடிவதனால், சாலை வழுக்குகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாமற்போகிறது. அந்நிலையில் காலையும் எடுத்துவிட்டால், மிதியின் வாயிலாகக் கிடைக்கும் எச்சரிக்கையும் இல்லாமற் போகும்.

தாழ்ந்த வரிசைக் கியர்

‘4 எல்’ என்று குறிக்கப்பட்ட தாழ்ந்த வரிசையில் எஞ்சினின் இழுப்பு மிகுந்து வேகம் குறைகிறது. உதாரணமாக, தாழ்ந்த வரிசையின் விகிதம் இரண்டரை மடங்கு என்று கொள்வோர் இக்கணக்கைப் பார்க்கலாம். உயர்ந்த வரிசையில் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றும்போது வண்டி 40 கி.மீ. வேகத்தில் செல்லுமாயின், அதே கியரில் தாழ்ந்த வரிசையில் 16 கி.மீ. வேகமே கிடைக்கும். 40 கி.மீ. வேகம் வேண்டுமாயின் 5,000 சுற்று வேண்டும். இது டீசல் எஞ்சின்கள் பலவற்றின் வரம்புக்கு மேற்பட்டது. நிலைவேகக் கருவி குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழ் இயங்காதவாறு பல வண்டிகளில் அமைக்கப்பட்டிருக்கிறது. தாழ்ந்த வரிசையில் பொத்தானை அமுக்கியும் கருவி இயங்காவிட்டால், அது பழுது என்று கருதி மெக்கானிக்கிடம் செல்ல வேண்டியதில்லை.

டொயோட்டா, லாண்ட் ரோவர் முதலிய கம்பெனிகளின் சில வண்டிகளில், கரடுமுரடான பாதையில் மிக மெதுவாக ஊர்ந்து செல்வதற்கென்றே வேறொரு கருவி உண்டு. அது விசையையும் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியே ஆளுகிறது. இதனையும் நெடுஞ்சாலைக் கருவியையும் ஒன்றாக எண்ணலாகாது.

மலைச் சாலையும் இறக்கமும்

பழைய முறையில் அமைந்த நிலைவேகக் கருவி விசையைக் குறைக்குமேயன்றிப் பிரேக்குப் போடாது. பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் குறித்த வேகத்தையும் மீறி ஓடும். 70 கொண்டைஊசி வளைவுகளையுடைய கொல்லிமலைச் சாலையிலோ, 40 வளைவுகளையுடைய வால்பாறைச் சாலையிலோ இதனை உபயோகிப்பது பெருந்தவறு. இறக்கத்துக்கென வேறு கருவி சில வண்டிகளில் உண்டு. 1997-இல் லாண்ட் ரோவர் கம்பெனியின் ஃப்ரீலாண்டர் வண்டியில் இது வந்தது. செங்குத்தான மண்பாதையில் மெதுவாக இறங்குவதற்கே அது உரியது. அது இல்லாத வண்டியில், அத்தகைய மண்பாதையில் தாழ்ந்த வரிசையும் சிறிய கியருமே தக்க துணை. மலையின் தார்ச்சாலையில் சிறிய கியர் போதும்.

டயரும் சேறும்

கருவி சக்கரத்தின் சுற்றுகளைக் கொண்டே வேகத்தைக் கணக்கிடுவதால், டயரின் அளவு மாறினால் கணக்கும் மாறும். சுற்றளவு 2.20 மீட்டர் உள்ள டயரை எடுத்துவிட்டு 2.31 மீட்டர் உள்ளதைப் பூட்டினால், 80 கி.மீ. என்று குறித்த வண்டி உண்மையில் 84 கி.மீ. வேகத்தில் செல்லும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவுள்ள டயர்களை இடுவது, முன்சொன்ன முறுக்கத்தை நேர்ச்சாலையிலும் உண்டாக்கும்.

முன்செல்லும் வண்டியைக் கண்டு தானே இடைவெளி விடும் புதுவகைக் கருவிகளும் வந்துள்ளன. வண்டியின் முன்புறத்தில் உள்ள ரேடார் அல்லது காமிராவில் சேறு படிந்தால் அவை வேலை செய்யா. நின்றிருக்கும் வண்டி, மாடு, பாதசாரி ஆகியவற்றை அவை எப்போதும் கண்டுகொள்ளும் என்று நம்பவும் கூடாது.

கவனிக்க வேண்டிய விதிகள்

1. உலர்ந்த, நேரான, நெரிசலில்லாத நெடுஞ்சாலையில் மட்டும் நிலைவேகக் கருவியை உபயோகிக்கவும்.

2. மழைத்துளி விழத் தொடங்கியதும் பொத்தானால் கருவியை விலக்கவும். பிரேக்கை மிதிக்க நேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

3. முதல் வகை வண்டியில் வயலைவிட்டுத் தார்ச்சாலைக்கு ஏறியதும் ‘2 எச்’ நிலைக்கு மாற்றவும்.

4. ஊர்ப்புறங்களிலும், சாலையில் தானியம் உலர்த்தும் இடங்களிலும், கால்நடை குறுக்கிடும் இடங்களிலும் கால் மிதியின் மேலேயே இருக்க வேண்டும்.

5. நான்கு டயர்களும் ஒரே அளவும் ஏறக்குறைய ஒரே தேய்மானமும் உடையனவாக இருக்கட்டும்.

6. வயலிலிருந்து திரும்பியதும் முன்புறத்தையும் சக்கரங்களையும் கழுவவும்.

7. வண்டிக்கு வண்டி அமைப்பு வேறுபடுவதால், உடன் வந்த கையேட்டில் இக்கருவியைப் பற்றிய பகுதியைப் படித்து, ஓட்டுபவருக்கும் விளங்கச் செய்யவும்.

வண்டியைத் தாமே ஓட்டாமல் ஆளை வைத்து ஓட்டுவிக்கும் நிலமுடையோரும், சர்க்கார் வண்டியைப் பொறுப்பில் வைத்திருக்கும் உத்தியோகஸ்தர்களும், கடைசி விதியை முக்கியமாகக் கைக்கொள்வது நலம். ஓட்டுபவர் அறியாமற் செய்த பிழையின் பலனை வண்டியில் உள்ள யாவரும், எதிரே வருபவரும் சேர்ந்தே அனுபவிக்க நேரும். நாற்சக்கர விசையைச் சேற்றுக்கும், நிலைவேகக் கருவியை உலர்ந்த நெடுஞ்சாலைக்கும் என்று பிரித்து வைத்து உபயோகிப்போருக்கு இரண்டும் நெடுங்காலம் நன்கு உழைக்கும்.