ஏழு வருஷக் கணக்கு

2022-ல் நம் நாட்டில் வரதட்சணைச் சாவு என்று போலீஸார் பதிவு செய்த வழக்குகள் 6,450. நாளைக்குப் பதினேழுக்கும் மேல்! இந்தத் தலைப்பே சட்டத்தில் ஏறியது 1986-ல்தான். அதுவரை எத்தனையோ பெண்களின் கதை, 'ஸ்டவ் வெடித்த விபத்து' என்றே முடிந்தது.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள், வரதட்சணைக் கொடுமையால் செத்தால்தான் இந்தக் கணக்கு. எட்டாம் வருஷம், குடிவெறியிலோ சந்தேகத்திலோ புருஷன் கொன்றால் இதில் சேராது. உலகம் முழுக்க 2023-ல் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகள் சுமார் 51,100 என்கிறது ஐ.நா.

அடுத்த வீட்டு மாமி, "எம் பொண்ணுக்கு எட்டு வருஷம் ஆயிடுத்தே, இனிமே என்ன பயம்?" என்றாள்.

"மாப்பிள்ளை எப்பவாவது கழுத்தை நெரிச்சிருக்காரா, மாமி?"

"ஒரே ஒரு தரம்... கோபத்துலே."

சகோதரிகளே, அடியைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன். ஒரு தரம் நெரித்தவன் பின்னால் கொல்லும் அபாயம் பல மடங்கு என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பிரிந்து போகும் சமயமும் ஆபத்தானது. கிளம்பும் நாளை அவனிடம் சொல்லாதீர்கள். 181-க்கு ராத்திரியானாலும் ஃபோன் செய்யலாம். கழுத்தில் தடமே இல்லாவிட்டாலும், குரல் கம்மினால், விழுங்க வலித்தால், அன்றே டாக்டரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லி எழுதி வாங்குங்கள்.