திறந்த பள்ளியும் திறவாத உள்ளமும்

கொள்ளைநோய் மனுக்குலத்திற்குப் புதியதன்று. காலரா, பெரியம்மை, பிளேக் என்னும் பெயர்களில் அது நம் முன்னோரின் இல்லங்களிலும் புகுந்து எத்தனையோ தொட்டில்களை வெறுமையாக்கிச் சென்றிருக்கிறது. ஆயினும், உலகின் பள்ளிகள் ஏறத்தாழ யாவும் ஒரே காலத்தில் கதவடைத்த நிகழ்ச்சியை நம் தலைமுறையே முதன்முதலாகக் கண்டது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர் வகுப்பறையை இழந்திருந்தனர் என்று யுனெஸ்கோ நிறுவனம் கணக்கிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் நாள் கல்விக்கான உலக ஒப்பந்தம் குறித்து விடுத்த செய்தியில் ‘கல்விப் பேரழிவு’ என்னும் சொல்லையே எடுத்தாண்டார்கள்.

அக்கதவுகள் மீண்டும் திறந்து ஆண்டுகள் சில கடந்துவிட்டன. இனி அதைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அன்று முதல் வகுப்பில் சேர்ந்த மழலை இன்று நடுநிலை வகுப்பில் அமர்ந்திருக்கிறது. அன்று தந்தையை இழந்த சிறுமி இன்று வளர்ந்த பெண்ணாய் நம் கோவிலில் பாடற்குழுவில் நிற்கிறாள். இவர்கள் நம் நடுவே இருக்கும்வரை இது முடிந்துபோன கதை ஆகாது.

நாட்காட்டி கூறும் செய்தி

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சு நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. 2021 ஜனவரி 19-இல் 10, 12-ஆம் வகுப்பினரும், பிப்ரவரி 8-இல் 9, 11-ஆம் வகுப்பினரும் அழைக்கப்பட்டனர். இரண்டாம் அலை எழும்பவே, மார்ச்சு 22 முதல் 9, 10, 11-ஆம் வகுப்புகள் மறுபடியும் நிறுத்தப்பட்டன. பின்னர் செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வரையும், நவம்பர் 1-இல் 1 முதல் 8 வரையுமாகக் கதவுகள் படிப்படியாகத் திறந்தன. 2022 ஜனவரியில் மீண்டும் ஓர் இடையூறு. பிப்ரவரி 1-இல்தான் எல்லா வகுப்புகளும் இயங்கலாயின.

இந்தத் தேதிகளைச் சற்றே நின்று நோக்குவோம். 2020-இல் முதல் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட குழந்தை, வகுப்பறைப் பலகையில் முதன்முதலாக அமர்ந்தபோது அது இரண்டாம் வகுப்பு! அகரம் எழுதக் கைபிடித்து உதவ ஆசிரியை இல்லை. பகிர்ந்து உண்ணவும் சண்டையிட்டுச் சமாதானமாகவும் தோழர் இல்லை. நாடு முழுவதும் ஊரகக் குழந்தைகளிடையே நடத்தப்பெற்ற ‘அசர்’ ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்ல மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018-இல் 27.3 விழுக்காடு, 2022-இல் 20.5 விழுக்காடு.

பெரிய பிள்ளைகளின் நிலை வேறு. 2020-இல் ஒன்பதாம் வகுப்பிலிருந்தவர் தேர்வின்றித் தேர்ச்சி பெற்றனர். பத்தாம் வகுப்பிலும் அவ்வாறே. 2022 மே மாதம் பதினோராம் வகுப்பில்தான் முதன்முறையாகப் பொதுத்தேர்வைச் சந்தித்தனர். அதே மாணவர் 2023 மார்ச்சு 13-இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் தாளை எழுதவேண்டிய நாளில், ஏறத்தாழ 50,000 பேர் தேர்வு மண்டபத்திற்கு வரவேயில்லை. பெயர்ப் பதிவேட்டில் இருந்தவர்கள் பலகையில் இல்லை. அவர்கள் எங்கே போயினர்? சிலர் வேலைக்கு, சிலர் திருமணத்திற்கு, சிலர் தம் அச்சத்திற்குள்ளேயே ஒளிந்துகொள்ளப் போயினர்.

மதிப்பெண்ணில் தெரியாத இழப்பு

கணக்கும் இலக்கணமும் விடுபட்டுப் போனால் கற்பித்து ஈடுசெய்யலாம். உள்ளத்தில் நேர்ந்த இழப்பை ஈடுசெய்வது அத்துணை எளிதன்று.

அக்காலத்து இறப்புகளை நினைத்துப் பாருங்கள். தந்தை மருத்துவமனைக்குச் சென்றார், திரும்பி வரவில்லை. உறையிட்டு மூடிய உடலைச் சிலர் மட்டும் நின்று அடக்கம் செய்தனர். முகம் காணவோ, முத்தமிடவோ, ஒரு பிடி மண் தூவவோ பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. பெரியவரின் துயரம் ஆற்றுவெள்ளம் போல் ஓயாது ஓடும். குழந்தையின் துயரமோ கோடைமழை போல் வரும், விடும், மீண்டும் வரும். காலையில் அழுத பிள்ளை மாலையில் பந்தாடுவதைக் கண்டு, ‘மறந்துவிட்டான்’ என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். அவன் மறக்கவில்லை. சுமக்க முடிந்த அளவே சிறிது சிறிதாகச் சுமக்கிறான்.

சாவு நேராத வீடுகளிலும் காயம் உண்டு. தொழில் இழந்த தந்தையின் சினம், கடன்காரரின் குரல், ஓர் அறைக்குள் ஆறு பேரின் நெருக்கம், ஒரே கைப்பேசிக்காக மூன்று பிள்ளைகளின் போட்டி ஆகிய யாவற்றையும் குழந்தைகள் பார்த்துக்கொண்டேயிருந்தனர். பள்ளி திறந்ததும் அவை புத்தகப் பையோடு சேர்ந்தே வகுப்பறைக்கு வந்தன. அச்சம் குடிகொண்ட உள்ளத்தில் கவனம் நிற்காது. கவனம் நில்லாத இடத்தில் நினைவும் தங்காது. ‘எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை’ என்று ஆசிரியர் நொந்துகொள்வதற்கு உண்மைக் காரணம் பல வேளைகளில் இதுவே.

ஆற்றுப்படுத்துதல் யாது?

இங்குதான் பள்ளிகளில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்னும் பணி தேவையாகிறது. இச்சொல்லைக் கேட்டவுடன், “என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?” என்று சீறும் பெற்றோர் உளர். இஃது அறியாமையினால் விளைவது. ஆற்றுப்படுத்துதல் என்பதற்கு வழிப்படுத்துதல் என்று பொருள். பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வழிகூறி அனுப்புவதைச் சங்கப் புலவர் ஆற்றுப்படை என்றனர். வழி அறிந்தவன் அறியாதவனோடு நின்று பேசும் பேச்சே அது.

நம் ஆண்டவரும் இப்பணியைச் செய்தார். எம்மாவு நோக்கி நடந்த சீடர் இருவரும் நம்பிக்கை குலைந்திருந்தனர். அவர் உடனே அவர்களுக்குப் போதிக்கத் தொடங்கினாரா? இல்லை. முதலில் அவர்களோடு நடந்தார். பிறகு, வழியில் எதைப் பற்றி உரையாடுகிறீர்கள் என வினவினார். தாம் அறிந்த செய்தியையே அவர்கள் வாயால் முழுமையாகச் சொல்லக் கேட்டார். அதன் பின்னரே மறைநூலை விளக்கினார். இறுதியில் அப்பம் பிட்டார். விளைவு என்ன? விட்டு ஓடிவந்த எருசலேமுக்கு அவர்கள் அன்றிரவே தாமாகத் திரும்பினர். உடன் நடத்தல், வினவுதல், கேட்டல், விளக்குதல், உணவு பகிர்தல் என்னும் இந்த வரிசையை மாற்றுவதாலேயே நம் அறிவுரைகளிற் பல வீணாகின்றன. கேட்கும் முன்பே நாம் விளக்கத் தொடங்கிவிடுகிறோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு

விடுபட்ட பாடங்களை விரைந்து முடிக்கும் கடமை உங்கள் தோள்மேல் இருப்பதை அறிவேன். ஆயினும் காலையில் முதல் பத்து நிமிடங்களைப் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். பெயர்சொல்லி அழையுங்கள், உறங்கினானா, உண்டானா என வினவுங்கள். சூரைச்செடியின்கீழ்ச் சோர்ந்து கிடந்த எலியாவுக்கு வானதூதர் கொணர்ந்தது முதலில் அப்பமும் தண்ணீருமே.

எனக்குத் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், பள்ளி திறந்த பின் நாள்தோறும் வகுப்பில் உறங்குவான். அவனுடைய ஆசிரியை அவனைப் பிறர்முன் கண்டிக்காமல், மாலையில் தனியே அழைத்து, “இரவில் எத்தனை மணிக்குப்பா படுக்கிறாய்?” என்று மட்டும் கேட்டார். தந்தை விட்டுச்சென்ற கடனுக்காக விடியற்காலை 3 மணி முதல் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குவதாக அவன் சொன்னான். தாய்க்கும் அவனுக்கும் அன்றி எவருக்கும் தெரியாத செய்தி அது. வின்சென்ட் தே பால் சபையார் கடன்காரரிடம் பேசித் தவணை பெற்றுத் தந்தனர். மாதந்தோறும் அரிசியும் அளித்தனர். 2022 மே மாதம் அவன் தேர்வெழுதினான். பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் தொழிற்பயிற்சி பெற்று இன்று தாயைத் தாங்குகிறான். ஒரு கேள்வி ஒரு வாழ்வைக் காத்தது.

இளைஞரை நேசிப்பது போதாது, தாம் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவேண்டும் என்று புனித தொன் போஸ்கோ 1884-இல் உரோமையிலிருந்து எழுதிய மடலில் வலியுறுத்தினார். ஆசிரியத் தொழிலின் சாரம் அதுவே.

பெற்றோரே, உங்களுக்கு

பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டில் தெளிவாக்கியது. ஆகையால் எல்லாவற்றையும் பள்ளியின் தலையில் சுமத்துதல் முறையன்று.

அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். நாளுக்கு ஒரு வேளையாவது தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு ஒன்றாய் அமர்ந்து உண்ணுங்கள். இறந்தவரின் பெயரை வீட்டில் பேசக்கூடாத பெயராக்கிவிடாதீர்கள். 2021 நவம்பர் 1-இல் சிறுவர் பள்ளிக்குத் திரும்பினர். மறுநாளே கல்லறைத் திருநாள். ஆண்டுதோறும் அந்நாளில் பிள்ளையைக் கல்லறைக்கு அழைத்துச் சென்று, அவன் கையாலேயே மலர் சாத்தவும் மெழுகுதிரி ஏற்றவும் விடுங்கள். அன்று மறுக்கப்பட்ட விடைபெறுதல் அவ்வாறு நிறைவேறட்டும். அவன் அழுதால், அழுகையை நிறுத்தச் சொல்லாமல் அருகில் நில்லுங்கள்.

சில அடையாளங்களைக் கண்டால் காலந்தாழ்த்தாதீர்கள். பள்ளிக்குப் புறப்படும்போதெல்லாம் வயிற்றுவலி, வாரக்கணக்கில் உறக்கமின்மை, விரும்பிய விளையாட்டில் வெறுப்பு, தான் போற்றிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், வாழ்ந்து என்ன பயன் என்னும் பேச்சு ஆகியவற்றைப் பிடிவாதம் என்றோ நாடகம் என்றோ ஒதுக்கலாகாது. மந்திரிப்பதையும் தாயத்தையும் நாடி நாள் கடத்தலும் ஆகாது. செபத்தோடு மருத்துவரையும் நாடுவதே விசுவாசத்திற்கு ஒத்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் மனநல உதவி எண்ணில் எவரும் கட்டணமின்றிப் பேசலாம். குழந்தை துன்புறுத்தப்படுவதாக அறிந்தால் 1098-ஐ அழைக்கவேண்டும். குடும்ப மானத்தின் பெயரால் அதனை மூடிமறைப்பது பாவமேயன்றி நற்செயலாகாது.

பங்குச் சமூகத்தின் கடன்

2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டத்தில் அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தில், ஊர்ப் பெண்களும் இளைஞரும் தன்னார்வலராய் முன்வந்து, திண்ணைகளிலும் மரநிழல்களிலும் மாலைதோறும் குழந்தைகளுக்குக் கற்பித்தனர். அவர்களிற் பலர் பெரிய பட்டம் பெற்றவரல்லர். தெருப்பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாய்க் கருதியவர்கள். இந்த மனப்பான்மை நம் அன்பியங்களிலும் வேரூன்ற வேண்டும்.

ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எவர் என்று பெயர் குறித்துக்கொள்ளட்டும். ‘ஏன் போகவில்லை?’ என்று விசாரணை செய்யாமல், ‘உன்னைத் தேடி வந்தோம்’ என்னும் உணர்வோடு இருவர் சென்று பார்க்கட்டும். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணப் பேச்சு நடந்தால் தடுக்கட்டும். கோவில் மண்டபம் மாலை வேளைகளில் பூட்டிக் கிடப்பானேன்? விளக்கேற்றி, பாய் விரித்து, வீட்டில் இடமில்லாப் பிள்ளைகளைப் படிக்க அழைப்போம்.

பிள்ளைகளை இரக்கத்திற்குரியோராக மட்டும் எண்ணுவதும் சரியன்று. 1854-இல் தூரின் நகரில் காலரா பரவியபோது, தொன் போஸ்கோவின் சிறுவர்கள் நோயாளிகளின் இல்லங்களுக்குச் சென்று பணிவிடை செய்தனர். பெற்றோரும் உற்றாரும் இல்லாத ஏழைகள் பலர் அவர்களுள் இருந்தனர். பிறருக்குப் பயன்படுகிறோம் என்னும் உணர்வு அவர்களை நிமிர்ந்து நிற்கச் செய்தது. நம் இளைஞரும் சிறுவருக்கு எழுத்தறிவிக்கட்டும். கொடுக்கும் கையே நலமடையும்.

காணாமற்போன ஆட்டைத் தேடிய ஆயன், எஞ்சிய தொண்ணூற்றொன்பதை எண்ணி மனநிறைவு கொள்ளவில்லை. பள்ளிகள் தேர்ச்சி விழுக்காட்டை எண்ணிப் பெருமை கொள்ளும் இக்காலத்தில், திருச்சபை எண்ணவேண்டியது வராத பிள்ளையை. அந்தப் பிள்ளை இன்று எந்தத் தெருவில், எந்தக் கடையில், எந்த அறையின் மூலையில் அமர்ந்திருக்கிறது என்பதை, இவ்விதழைப் படிக்கும் உங்களில் எவரேனும் அறிவீர்கள். இன்றே சென்று அதன் பெயர்சொல்லி அழையுங்கள்.