சுண்ணாம்பு பூசிய முட்டியில் கருப்பநீர் ஏன் புளிப்பதில்லை?

தர்மபுரத்துப் பனை ஒன்றில் இரண்டு முட்டிகள் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் உட்புறம் சுண்ணாம்பு பூசியது, மற்றது வெறுமுட்டி. விடிந்ததும் முதலாவதில் தித்திக்கும் கருப்பநீர். இரண்டாவதில் நுரை தள்ளும் கள். ஒரே மரத்துச் சாறு ஏன் இப்படி இரண்டானது?

சாற்றை இனிப்பாக்குவது பெரும்பாலும் நாம் தேநீருக்குப் போடும் அதே சீனி. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு எருதுகள் மாதிரி: ஒன்று குளுக்கோசு, மற்றது புரக்டோசு. சாற்றுக்குள் தானாக வந்து சேரும் மதுவத்தின் நொதியம், ஒரு நீர் மூலக்கூறைச் செலவழித்து நுகத்தைக் கழற்றிவிடுகிறது. இதுதான் நீர்ப்பகுப்பு. இன்வெர்டேசு என்ற இந்த நொதியத்தைக் கொண்டுதான் 1913இல் மிக்கேலிசும் மோட் மென்டனும் நொதியங்களின் வேகத்தை ஆராய்ந்தார்கள். நீங்கள் சோற்றை மெல்ல மெல்ல இனிப்பதும் நீர்ப்பகுப்பால்தான்.

பிரிந்த வெல்லங்களை மதுவம் மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் உடைக்கிறது. நுரை அந்த வாயுதான். இன்னும் வைத்திருந்தால்? பற்றீரியாக்கள் காற்றின் ஒட்சிசனைக் கொண்டு மதுசாரத்தை ஒட்சியேற்றும். கள் வினாகிரியாகும்.

சுண்ணாம்பு ஒரு காரம். அது சாற்றில் உண்டாகும் அமிலத்தை நடுநிலையாக்கி, சாற்றையே காரமாக்குகிறது. அங்கே மதுவம் பெருகாது, நொதியமும் சோர்ந்துவிடும். சீனி பிரியாமல் இருந்தால்தான் கருப்பநீரைக் காய்ச்சும்போது பனங்கட்டி இறுகும். பிரிந்த சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இளகியே கிடக்கும்.